உங்களுக்குத் தெரியுமா? பாசி தரும் நிறங்கள்

● பிரிட்டனில் ‘ஸ்மார்ட்டீஸ்’ மிட்டாயில் 2006-ல் செயற்கைச் சாயங்களை நிறுத்தியபோது, நீல மிட்டாய் மட்டும் காணாமல் போனது. அதற்கு ஈடான இயற்கை நீலம் அப்போது அவர்கள் கைவசம் இல்லை. 2008-ல் அது திரும்பி வந்தது, சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவின் நிறத்தோடு!

● அந்த நீலத்தின் பெயர் ஃபைகோசயனின். அது ஒரு புரதம், தண்ணீரில் கரையும். ஸ்பைருலினா பொடியைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். பச்சையம் பெரும்பாலும் பொடியோடு தங்கிவிடும். வடிந்த நீரில் நீலம் தெரியும். நல்ல வெளிச்சத்தில் அதே நீர் செந்நிறமாக மினுங்கும்.

● புரதம் என்பதால் சூடு ஆகாது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நீலம் வெளிறத் தொடங்கும். கடும் புளிப்பும் அதைக் கெடுக்கும். ஐஸ்கிரீம், மிட்டாய், கேக்கின் மேல்பூச்சு ஆகியவற்றில் இது அதிகம் சேர்க்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

● புளிப்பைத் தாங்கும் நீலமும் வந்துவிட்டது. அமிலம் மிகுந்த வெந்நீர் ஊற்றுகளில் வாழும் கால்டியேரியா என்ற பாசியின் நீலத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி தந்தது. பழச்சாறுகளிலும் இதைச் சேர்க்கலாம்.

● உப்பளங்களில் வாழும் டுனலியெல்லா சலைனா பச்சைப்பாசி வகைதான். ஆனால் கடும் வெயிலும் மிகுந்த உப்பும் சேர்ந்தால் பீட்டா கரோட்டினைக் குவித்து ஆரஞ்சு நிறமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் ஏரியில் இதற்காகவே இந்தப் பாசியை வளர்க்கிறார்கள்.

● பண்ணை சால்மன் மீனின் சதைக்கு நிறம் தருவது, தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாசாந்தின். ஹெமடோகாக்கஸ் என்ற பாசியிலிருந்தும் இது கிடைக்கிறது.

● ‘இயற்கை’ என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. திறந்த குளத்தில் வேறு நீலப்பச்சைப் பாசிகள் கலந்தால், கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சும் உள்ளே வரலாம். அதனால்தான் 2013-ல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் ஸ்பைருலினா நிறத்தை அனுமதித்த அமெரிக்கா, இந்த நஞ்சு அறவே இருக்கக் கூடாது என்றது. ஈயமும் ஆர்சனிக்கும் கிலோவுக்கு 2 மில்லிகிராமையும், பாதரசம் 1 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது.

● உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் ஐ.நா. நிபுணர் குழு 2018-ல் ஸ்பைருலினா நிறத்தை ஆராய்ந்தது. உணவில் வழக்கமாகச் சேரும் அளவால் பாதிப்பு இல்லை என்பதால், தினசரி உச்சவரம்பை எண்ணால் குறிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. ஆனால் அரிதாகச் சிலருக்கு ஸ்பைருலினா கடும் ஒவ்வாமை தந்திருக்கிறது. சாப்பிட்டதும் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

● நிறத்துக்காகச் சேர்ப்பது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. 1994-ல் வெளியான முடிவு இது. புகைபிடிப்பவர்கள் இந்த மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கவே கூடாது.

● பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்வதேச எண் 134 என்றால் ஸ்பைருலினா நீலம். பொடியாக வாங்குபவர்கள், மைக்ரோசிஸ்டினுக்கும் உலோகங்களுக்கும் ஆய்வகச் சோதனை செய்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் சாப்பிடும் பொருள் என்றால், இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.