முதியோர் நலனும் பெரிய மருத்துவமனைகளும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். அதன்பின் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாரியவர்களும், குயிலாப்பாளையத்தைச் சுற்றி மணிலா பயிரிட்டவர்களும், தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர்களும் இத்தொகையில் அடங்குவர்.

புதுச்சேரியில் ஜிப்மரும், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கையில், இதில் சங்கத்துக்கு என்ன வேலை என அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அதையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

முதுமையில் நோய் தனித்து வருவதில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, கண்புரை, மூட்டுவலி யாவும் ஒருவரையே பற்றும். பல வைத்தியர்கள் தனித்தனியே தரும் மாத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற் போவதும் உண்டு. அனைத்தையும் ஒருசேர ஆராய்ந்து சிகிச்சையை வகுப்பது பெரிய மருத்துவமனையின் முதற்பணி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது இதன் பொருட்டே. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோருக்கெனத் தனி மருத்துவமனையே திறக்கப்பட்டது.

ஆயினும் நோயைக் கண்டறிவது சில நாட்காரியம், மருந்துண்பதோ ஆயுட்காரியம். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவோர் பலர். அழுத்தம் ஓசையின்றி ஏறி, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படுகிறது. இங்கேதான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பாலம் தேவைப்படுகிறது.

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை அத்தகைய பாலத்தை அமைத்துக் காட்டிற்று. கிராமத்தில் முகாம் நடத்தி, புரையுற்றோரை அழைத்துச் சென்று அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும் முறை அது. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று:

1. முதிய அங்கத்தினரின் மருந்து விவரத்தையும் அடுத்த பரிசோதனைத் தேதியையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல். இதற்கு அவரவர் சம்மதம் பெறுவது அவசியம்.

2. மாதக் கூட்டத்தன்று கிராம செவிலியரை அழைத்து, அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்தல்.

3. துணைவிதிகள் இடந்தருமளவில், பொதுநல நிதியிலிருந்து துணையாளுக்கு வழிச்செலவு அளித்தல். முதியவர் தனியே சென்றால் வைத்தியர் சொன்னதில் பாதி வீடு வந்து சேராது.

முகம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழைத்திடுக. இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உப்பு விளையும் கரையில் வாழும் நாம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு ஆகாதென்பதையும் நினைவிற் கொள்வோமாக.

கடன் தவணை தவறியவருக்கு அறிவிப்பு அனுப்பத் தவறாத சங்கம், மருந்துத் தவணை தவறியவர் வீட்டுக்கும் ஓர் ஆளை அனுப்புமாக.