கணக்கு உதைக்கும் இடத்தில் கிடைக்கும் அறிவியல்

2009 ஆகஸ்ட் 29 அன்று சந்திரயான்-1 விண்கலத்துடனான தொடர்பு அறுந்தது. பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் மட்டுமே உள்ள அந்தப் பெட்டி, நிலவைச் சுற்றிக்கொண்டே காணாமல்போனது. 2016 ஜூலையில் அமெரிக்காவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தார், கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து நிலவின் வடதுருவத்துக்கு மேலே ரேடார் கற்றையை அனுப்பி, எதிரொலியை கிரீன் பேங்க் தொலைநோக்கியில் பிடித்தார்கள். கலம் அகப்பட்டது. 2009-ஆம் ஆண்டுக் கணிப்பிலிருந்து அரைச் சுற்று மட்டும் தள்ளியிருந்தது. பாதையின் வடிவமும் கிடப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

அந்தப் பழைய கணிப்பு, கலத்துக்கும் தரை நிலையங்களுக்கும் நடந்த ரேடியோ தொடர்பின் பதிவுகளிலிருந்து பிறந்தது. இந்தியாவில் அந்த வேலை நடக்கும் இடம் பையலாலு. மைசூரு–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பிடதிக்கு வடக்கே இருக்கும் இந்தக் கிராமத்தில், சந்திரயான்-1 பயணத்துக்காக 18 மீட்டர், 32 மீட்டர் ஆன்டெனாக்களை இஸ்ரோ நிறுவியது. விண்கலங்கள் அனுப்பும் அறிவியல் தரவுகளைச் சேமித்து வைக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையமும் அங்கேயே இருக்கிறது.

எதை அளக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு. முதலாவது, தூரம். பூமியிலிருந்து போன சமிக்ஞை கலத்தைத் தொட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும்.

இரண்டாவது, வேகம். கலம் விலகிச் சென்றால் அலையின் அதிர்வெண் குறையும், நெருங்கினால் கூடும். இதுதான் டாப்ளர் விளைவு. செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யான் கலம் பயன்படுத்திய எஸ்-பேண்ட் அலை வினாடிக்குச் சுமார் 229 கோடி முறை அதிரும். கலம் நம்மைவிட்டு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விலகினால், அதில் ஏழெட்டு அதிர்வுகள் மட்டுமே குறையும். இதைவிட ஆயிரம் மடங்கு நுண்ணிய மாற்றத்தையும் இன்றைய கருவிகள் காட்டிக்கொடுக்கின்றன.

மிச்சத்தில் இருப்பது என்ன?

சூரியன், கோள்கள், நிலவு ஆகியவற்றின் ஈர்ப்பு, சூரிய ஒளியின் அழுத்தம், கலத்தின் சொந்த உந்திகள் எல்லாவற்றையும் சேர்த்து, அலை எப்படி வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். உண்மையில் வந்ததிலிருந்து அதைக் கழிப்பார்கள். மிச்சம் சிறிதாக இருந்தால் பாதையை வழிநடத்துபவரின் வேலை முடிந்தது. கணக்கு உதைத்தால் ஆய்வாளரின் வேலை தொடங்குகிறது.

1968-இல் ஜேபிஎல்-ஐச் சேர்ந்த பால் முல்லரும் வில்லியம் ஸ்ஜோக்ரனும் லூனார் ஆர்பிட்டர் கலத்தின் டாப்ளர் பதிவுகளில் இப்படித்தான் ஓர் உதைப்பைக் கண்டார்கள். நிலவின் வட்டமான பெரும் சமவெளிகளுக்கு மேலே செல்லும்போதெல்லாம் கலத்தின் வேகம் மாறியது. அடியில் நிறை கூடுதலாகக் குவிந்திருப்பதே காரணம். குறைந்த உயரத்தில் நிலவைச் சுற்றும் கலங்களின் பாதையை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பதும், கைவிடப்பட்ட சந்திரயான்-1 இருக்கும் இடத்தை ஊகிக்க முடியாமல்போனதும் இந்தச் சீரற்ற ஈர்ப்பினால்தான்.

பயனீயர் தந்த பாடம்

1972, 1973-ஆம் ஆண்டுகளில் கிளம்பிய பயனீயர் 10, 11 கலங்கள் சூரியக் குடும்பத்தின் எல்லையை நோக்கிப் போகும்போது, எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதலாக வேகம் குறைந்தன. ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் வினாடிக்கு 3 சென்டிமீட்டர்கூடத் தேறாத வித்தியாசம். ஆனாலும் விடை கிடைக்கவில்லை. ஈர்ப்பு விதியே தவறோ என்றுகூட அறிவியலாளர்கள் எழுதினார்கள்.

அறிவியலாளர் ஸ்லாவா டுரிஷேவ் தலைமையிலான குழு, பழைய காந்த நாடாக்களிலிருந்து பல ஆண்டுகளின் டாப்ளர் பதிவுகளை மீட்டது. அது மட்டும் போதவில்லை. கலத்தின் வெப்பநிலையும் மின்சக்தியும் பதிவான தொலையளவித் தரவுகளும் தேவைப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 2012-இல் புதிர் அவிழ்ந்தது. அணுமின்கலங்களிலிருந்தும் கருவிகளிலிருந்தும் வெளியேறிய வெப்பம், சூரியனுக்கு எதிர்த்திசையில் சற்று அதிகமாகக் கசிந்து கலத்தைப் பின்னோக்கித் தள்ளியிருந்தது. ஐன்ஸ்டைன் தப்பினார்.

அதிர்வெண் எண்களை மட்டும் பூட்டி வைத்தால் ஆவணம் ஆகாது என்பதுதான் இதிலுள்ள பாடம். நிலையத்தின் கடிகாரம் எவ்வளவு துல்லியம், ஆன்டெனா எங்கே இருந்தது, அன்றைய காற்றின் ஈரப்பதம் என்ன, உந்தி எப்போது எரிந்தது, கலம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது ஆகிய குறிப்புகள் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சத்துக்குக் காரணம் இயற்கையா, கருவியா என்று பின்னால் வருபவர் பிரித்தறிய முடியாது.

செவ்வாய்க் கலத்தில் சூரிய ஆய்வு

கணக்கின் மிச்சம் அறிவியலாக மாறுவதற்கு மங்கள்யானும் ஓர் உதாரணம். 2015 மே, ஜூன் மாதங்களில் செவ்வாய் சூரியனுக்குப் பின்புறமாக நகர்ந்தபோது, கலத்தின் சமிக்ஞை சூரியனின் வெளி வளிமண்டலத்தைத் துளைத்து வர வேண்டியிருந்தது. அங்குள்ள மின்னூட்டத் துகள்கள் அலையைக் குலுக்கின. தொடர்புக்கு அது தொல்லை. பையலாலு நிலையத்தில் பதிவான அந்தக் குலுக்கலையே திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தினரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினரும் எடுத்து ஆராய்ந்து, சூரியக் காற்று வேகமெடுக்கும் பகுதியைப் பற்றி 2022-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சூரியனை ஆராயவென்று மங்கள்யானில் தனிக் கருவி எதுவும் இல்லை. ஜப்பானின் அகாட்சுகி கலம் வெள்ளிக்குப் பின்னால் மறையும்போதும் வெளிவரும்போதும் அனுப்பிய அலைகளை பையலாலுவில் பிடித்து, வெள்ளியின் வளிமண்டல வெப்பநிலையைக் கணித்ததும் இதே வழியில்தான்.

சந்திரயான் கருவிகளின் தரவுகளை உலகளாவிய கோள் தரவு வடிவத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பழக்கம் இஸ்ரோவில் வேரூன்றிவிட்டது. படங்களுக்கும் நிறமாலைகளுக்கும் கிடைக்கும் அதே கவனிப்பு, ரேடியோ பதிவுகளுக்கும் அவற்றின் துணைக் குறிப்புகளுக்கும் கிடைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த வெள்ளிப் பயணமும் வரவிருக்கிறது. எந்தக் குறிப்பை எந்த வடிவில் சேமிப்பது என்பதைக் கலம் ஏவப்படுவதற்கு முன்பே தீர்மானித்துவிடலாம். நாற்பது ஆண்டு கழித்து நாடாக்களைத் தேடி அலைவதைவிட அதற்குச் செலவு குறைவு.