பேரு முதல்லயா, பாலீஷ் முதல்லயா?

"ஏனுங்க அக்கா, பேனாவுக்குப் பாலீஷ் போட்டுட்டு லேசர் கடைக்குக் கொண்டு போறதா, இல்ல பேரு வெட்டிட்டு வந்து பாலீஷ் போடறதா?"

மரப்பேனா செய்யும் சகோதரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கும் கேள்வி இது. கடைசலும் உப்புத்தாள் தேய்ப்பும் கைவந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவுக்குக் கல்யாணத்துக்குக் கொடுக்க 50 பேனா ஆர்டர் வந்தது. பச்சை மரத்திலேயே பேரு வெட்டி வாங்கி வந்தார்கள். எழுத்தைச் சுற்றிப் புகைக்கறை. அதைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். கறை போச்சு, கூடவே மெய்யெழுத்துப் புள்ளிகளும் போச்சு! 'கண்ணன்' என்ற மாப்பிள்ளை 'கணணன' ஆகிவிட்டார். 50 பேனாவும் திரும்பி வந்தது. மரக்காசு, கடைசல் கூலி, லேசர் கூலி எல்லாம் குழுவின் தலையில்.

ஏன் இப்படி ஆச்சு? லேசர் உளி மாதிரி செதுக்குவதில்லை, மரத்தைச் சுட்டு எரிக்கிறது. அந்தப் புகையில் தார் மாதிரி பிசின் இருக்கும். எதுவும் பூசாத மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படின்னா முழுப் பாலீஷும் போட்டுட்டே வெட்டலாமே என்பீர்கள். கறை துணியில் துடைத்தாலே போய்விடும், உண்மைதான். ஆனா எழுத்துப் பள்ளம் மட்டும் மூடாத மரமாக நிற்கும். பேனா தினமும் கையில் புழங்குகிற பொருள். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஏறும். பாலீஷ் கனமாக இருந்தால் எழுத்தோரம் கொப்புளித்து உரிந்து வரவும் செய்யும்.

அதனால் நடுவில் வெட்டுவதுதான் நல்லது. தேய்ப்பு வேலையை முழுசாக முடித்துவிடுங்கள். வுட் சீலர் ஒரே ஒரு கோட் கொடுத்து நன்றாகக் காயவிடுங்கள். காயாத சீலரில் தின்னர் ஆவி இருக்கும், லேசர் சூட்டில் தீப்பிடிக்கும். பிறகு பேரு வெட்டி, லேசான ஈரத்துணியால் கரியைத் துடையுங்கள். தின்னரால் துடைக்காதீங்க, சீலரையே கரைத்துவிடும். கடைசியாக மெல்லிசாக ஒன்றிரண்டு கோட். கனமாகப் பூசினால் பள்ளம் நிரம்பி எழுத்து மங்கிப்போகும்.

ஈட்டி மாதிரி கருத்த மரத்தில் சுட்ட எழுத்து எடுப்பாகத் தெரியாது. பொன் நிறமோ வெள்ளையோ பெயிண்டை எழுத்தில் அழுத்தித் தேய்த்து, மேலே இருப்பதை உடனே துடைத்துவிட வேண்டும். இதுவும் சீலருக்குப் பிறகு, கடைசி கோட்டுக்கு முன்னால்தான். சீலர் இல்லாவிட்டால் கலர் மர ரேகையில் ஓடிப் பரவிவிடும்.

அரக்குப் பூச்சு என்றால் கதை வேறு. கர்நாடகாவில் சன்னபட்டணா பொம்மைக்காரர்கள் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் மின்னும். எழுத்து வெட்டிய மேலே இப்படிச் செய்தால் அரக்கு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அரக்குப் பேனாவுக்கு லேசர் கடைசி வேலை. அரக்கு சூட்டுக்கு இளகும், ஆகவே பவரைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

புகை படாமல் இருக்க மேலே பேப்பர் டேப் ஒட்டியும் வெட்டலாம். பி.வி.சி. டேப் மட்டும் கூடவே கூடாது. அதில் குளோரின் இருக்கிறது, விஷப்புகை வரும், கடைக்காரர் மெஷினும் துருப்பிடிக்கும்.

பேனா உருண்டை என்பதால் பேரை நீளவாக்கில் ஒரே வரியாக வையுங்கள். புள்ளியைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லுங்கள். அதே மரத்தில் இரண்டு மூன்று பேனா கூடுதலாகக் கடைந்து எடுத்துப் போங்கள். ஒன்றில் வெட்டிப் பார்த்து, ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டி, அவர் "சரிங்க" என்று சொன்ன பிறகு மீதியை ஓட்டுங்கள். பேரை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆர்டர் நோட்டில் ஒட்டி வையுங்கள்.

லின்சீட் ஆயில் பூசுகிறவர்களுக்கு ஒன்று. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.