பொய்யுருவும் மெய்ச்சோதனையும்

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணையைக் காணாத கண்கள் இல்லை. முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்து, ஓட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் குறையைக் கண்டறியும் வழக்கத்தையும் நம்மவர் அறிவர். அங்ஙனம் பார்ப்பவனது கண் நம்பத்தக்கதா என்று அறிய விரும்பின் நாம் யாது செய்வோம்? நல்லன இவை, குறையுடையன இவை என நமக்கு முன்னரே தெரிந்த முட்டைகளைக் கலந்து அவன் கையிற் கொடுத்து, எத்தனையைச் சரியாகப் பிரித்தான் என எண்ணுவோம். விடை நம்மிடம் இருப்பதாலன்றோ தீர்ப்புக் கூறும் உரிமையும் நமக்கு உண்டாகிறது! பெண்டிரின் மார்பகத்தைப் படம் பிடிக்கும் கருவிகளைச் சோதிக்கும் முறையும் இந்நியாயத்தையே அடிப்படையாக உடையது. அதனைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்திய மகளிரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இராசிபுரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு தாய், ஒருநாட் கூலியை இழந்து, பேருந்தேறிச் சேலம் நகரை அடைந்து படம் எடுத்துக்கொள்கிறாள் என வைத்துக்கொள்வோம். 'குறை ஒன்றும் இல்லை' என்னும் சொல்லைக் கேட்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறாள். அச்சொல் மெய்யாயின் நன்று. உள்ளிருந்த கட்டியைக் கருவி காட்டாது விட்டிருப்பின், அவள் மறுமுறை வருங்காலத்து நோய் முற்றியிருத்தல் கூடும். ஆதலின் கருவியின் சொல்லை நம்புமுன் கருவியையே சோதித்தல் இன்றியமையாதது.

1895ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் இரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1913இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் என்பார், அறுவையில் நீக்கப்பட்ட ஏறக்குறைய 3,000 மார்பகங்களைப் படம் பிடித்து, படத்திற் கண்டதைத் திசுவிற் கண்டதோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அங்கே உண்மையைக் கூறியது கத்தி. உயிருள்ள பெண்டிரிடத்து அவ்வாறு செய்தல் இயலுமோ? கருவியின் திறனை அறியும்பொருட்டு ஒருத்திமேல் மீண்டும் மீண்டும் கதிரைச் செலுத்துதல் அறமுமன்று. அக்கதிரே தீங்கு பயக்கும். எனவே உடலுக்கு ஈடாக ஒரு போலியுருவை அமைத்தனர். ஆங்கிலத்தில் 'ஃபாண்டம்' என வழங்கும் இதனை நாம் பொய்யுரு என்போம்.

நெடுங்காலமாக வழங்கிவரும் பொய்யுரு ஒன்று அமெரிக்கக் கதிரியற் கல்லூரியார் வகுத்தது. அஃது அக்ரிலிக் கட்டியில் மெழுகுத் துண்டைப் பதித்து அமைத்தது, அழுத்தப்பட்ட 4.2 செண்டிமீட்டர் கனமுள்ள மார்பகத்துக்கு ஈடாவது. மெழுகினுள் 6 நைலான் இழைகளும், 5 தொகுதித் துகள்களும், 5 கட்டி போன்ற வட்டுகளும் பருமையிலிருந்து நுண்மைக்கு வரிசையாக அமைந்துள்ளன. துகள்களுள் மிகச் சிறியது 0.16 மில்லிமீட்டர் அளவினதே. படத்தில் குறைந்தது 4 இழைகளும், 3 தொகுதித் துகள்களும், 3 வட்டுகளும் தெரிதல் வேண்டும். அன்றியும் ஒரு படத்துக்குச் சுரப்பித் திசு ஏற்கும் சராசரிக் கதிரளவு 3 மில்லிகிரேயைக் கடத்தலாகாது. தெளிவும் வேண்டும், தீங்கும் குறைய வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

இச்சோதனை பயனுடையதே; ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. மெழுகுக் கட்டி எங்கும் ஒரே சீராக இருப்பது. உண்மையான மார்பகமோ கொழுப்பும் சுரப்பித் திசுவும் பின்னிக் கிடப்பது. எக்ஸ் கதிர்ப் படத்தில் கொழுப்புக் கருமையாகவும், சுரப்பித் திசு வெண்மையாகவும் தோன்றும், கட்டியும் வெண்மையே. பசும்பயிரின் நடுவே நிற்கும் கொக்கு எளிதிற் புலப்படும். வெடித்த பருத்திக் காட்டில் அக்கொக்கைத் தேடுதல் அரிது. இளம்பருவத்தினரிடம் சுரப்பித் திசு செறிந்திருக்கும். நம் நாட்டுப் பெண்டிருக்கு இந்நோய் மேனாட்டாரினும் இளவயதில் வருதலால், இக்குறை நமக்குச் சிறிதன்று. பல கோணங்களிற் படமெடுத்து, மேற்படிந்த திசுக்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் புதுக் கருவியின் சிறப்பையும் சீரான கட்டியைக் கொண்டு அளத்தல் இயலாது. மறைப்பு இல்லாவிடத்து மறைப்பை நீக்கும் திறன் எங்ஙனம் விளங்கும்?

ஆகவே அறிஞர் உடலின் சிக்கலையே போலச் செய்ய முயன்றனர். 2011இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், காந்தப் புலத்தால் படமெடுக்கும் கருவியைச் சோதிக்க ஒரு பொய்யுருவை வெளியிட்டனர். அதற்கு அவர் கொண்ட பொருள்கள் யாவை? பன்றிக் கொழுப்பும் கோழிமுட்டையின் வெண்கருவுமே! கொழுப்பு மார்பகக் கொழுப்பை ஒத்தும், வெப்பத்தால் உறைந்த வெண்கரு சுரப்பித் திசுவை ஒத்தும் அக்கருவியில் தோன்றின. இரண்டும் ஒழுங்கின்றிக் கலந்து கிடந்தமையால் இயற்கையின் சிக்கலும் ஓரளவு வாய்த்தது. நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் பாரவண்டிகளில் ஏறிச் செல்லும் எளிய பொருள் இத்துணை நுண்ணிய ஆய்வுக்குப் பயன்படுதல் நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருவதாம். எக்ஸ் கதிர்க் கருவிகளுக்கோ, அயோடின் கலந்த மையால் திசுவின் உருவைத் தாள்தோறும் அச்சிட்டு, அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொய்யுருக்களும் செய்யப்பட்டுள்ளன.

எத்துணை நுட்பமாக அமைப்பினும் பொய்யுருவுக்கு மூச்சில்லை, குருதியோட்டமில்லை, அச்சத்தால் அசைதலும் இல்லை. ஒரு பொய்யுரு எல்லாப் பெண்டிருக்கும் ஈடாகாது. எனினும் அதனுள் இருப்பது இன்னது என நாம் ஐயமற அறிவோம். இவ்வறிவை உயிருள்ள உடல் முன்கூட்டித் தருவதில்லை. நம் நாட்டில் எக்ஸ் கதிர்க் கருவிகளின் தரச் சோதனையை, 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டாயமாக்கியுள்ளது. அச்சோதனையை வெறும் ஏட்டுக் கடனாகக் கருதாது, இராசிபுரத்துத் தாய் கேட்டுச் செல்லும் ஒரு சொல்லின் மெய்ம்மையாகக் கருதுதல் வேண்டும். பௌதிகமும் வேதியியலும் பயிலும் நம் மாணவர், நம் நாட்டுப் பெண்டிரின் உடலமைப்புக்கு ஏற்ற பொய்யுருவை நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே ஆக்க முற்படுவாராயின், அவர் கற்ற கல்வி ஊருக்கு உதவிய கல்வியாகும்.