கூரை இல்லாத காரில் சூடான இருக்கை

இங்கிலாந்தில் மழை இல்லாத குளிர்காலக் காலைப்பொழுது. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார் ஒன்று துணிக்கூரையைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு விரைந்து செல்கிறது. ஓட்டுபவர் கம்பளித் தொப்பியும் கையுறையும் அணிந்திருக்கிறார். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடும் நமக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் அவர் நடுங்கவில்லை. அவருடைய முதுகும் தொடையும் இதமான சூட்டில் இருக்கின்றன. காரணம், இருக்கையின் உறைக்கு அடியில் மறைந்திருக்கும் இரண்டு மெல்லிய மின்சூட்டு விரிப்புகள்.

காருக்குள் ஏற்கெனவே ஹீட்டர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. கூரை திறந்த காரில் அந்தக் காற்று தங்குவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 100 லிட்டர் காற்று மட்டுமே வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 120 கிராம். காற்றின் வெப்பநிலையை 20 டிகிரி உயர்த்த ஒவ்வொரு கிராமுக்கும் 20 ஜூல் தேவை. ஆக விநாடிக்கு 2,400 ஜூல், அதாவது 2.4 கிலோவாட், காற்றோடு போய்விடுகிறது. விரையும் காரில் வெளியேறும் காற்று இதைவிடப் பன்மடங்கு. மேலும், இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் சூடேறிய பிறகுதான் ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகும்.

சூடேறும் இருக்கையோ காற்றை நம்பவில்லை. உடலோடு ஒட்டியிருப்பதால் வெப்பம் கடத்தல் முறையில் நேரே உடலுக்கு வருகிறது. விரிப்பின் கீழே உள்ள நுரைமெத்தை, சிறுசிறு அறைகளில் காற்றை அடைத்து வைத்திருக்கும் அரிதிற்கடத்தி. ஆகவே வெப்பம் கீழ்நோக்கி அதிகம் போக வழியில்லை. ஓர் இருக்கைக்கு 60 வாட் போதும். காற்றுக்குக் கிலோவாட், உடம்புக்கு ஒரு மின்விளக்கின் அளவு!

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பல்லார்டு கார் இருக்கை சூடேற்றிக்கு 1955இல் காப்புரிமை பெற்றார். 1966ஆம் ஆண்டின் காடிலாக் காரில் அது விருப்பப் பொருளாக வந்தது. சுவீடனின் சாப் நிறுவனம் 1972ஆம் ஆண்டு மாடல்களில் ஓட்டுநரின் இருக்கைக்குப் பொருத்தியது. ஆயினும் 1989இல் வெளிவந்து உலகெங்கும் பெயர்பெற்ற மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற திறந்த கார்களின் பழைய மாடல்கள் பலவற்றில் இது இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் தனியே விற்கும் விரிப்புகளை வாங்கித் தாமே பொருத்திக் கொள்கிறார்கள். இந்த வேலையில் பத்தாம் வகுப்பு மின்னியல் பாடம் ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது. அந்தப் பாடத்தில் தவறு செய்தால் இங்கே மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை. இருக்கை தீப்பிடிக்கலாம், அமர்ந்திருப்பவரின் தோல் வெந்து போகலாம்.

முதலில் விரிப்பைப் பார்ப்போம். ஒரு கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1840ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். விரிப்புகளில் இரு வகை உண்டு. ஒன்றில் நிக்ரோம் போன்ற உலோகக் கலவைக் கம்பி பாம்புபோல் வளைந்து வளைந்து போகிறது. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இக்கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மற்றொன்றில் இரு ஓரங்களிலும் மின்கம்பிகள் ஓட, அவற்றின் குறுக்கே கார்பன் இழைகள் ஏணிப்படிகளைப்போல் இணைந்திருக்கின்றன. முதல் வகை தொடர் இணைப்பு. இரண்டாவது பக்க இணைப்பு. விரிப்பு இருக்கையைவிட நீளமாக இருந்தால், பாம்பு வகையை வெட்டக்கூடாது; ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் செத்துவிடும். ஏணி வகையில், தயாரித்தவர் குறித்துள்ள கோட்டில் சில படிகளை வெட்டி எடுக்கலாம். மொத்த மின்னோட்டம் குறையும். எஞ்சிய படிகள் ஒவ்வொன்றும் முன்போலவே சூடாகும்.

இங்கே என் மாணவர்களை ஆண்டுதோறும் குழப்பும் கேள்வி ஒன்று வருகிறது. மின்தடை அதிகமானால் சூடு கூடுமா, குறையுமா? இரண்டு விடையும் சரியே. மின்னழுத்தம் மாறாமல் இருந்தால், மின்தடை கூடக்கூடச் சூடு குறையும். மின்னோட்டம் மாறாமல் இருந்தால் கூடும். பாம்பு வகைக் கம்பி பல நுண்ணிய புரிகளால் ஆனது என்று கொள்வோம். விரிப்பைக் கூர்மையாக மடித்ததில் ஓரிடத்தில் பாதிப் புரிகள் அறுந்துவிட்டன. அந்த ஒரு சென்டிமீட்டரின் தடை இருமடங்காகிறது. முழுக் கம்பியின் தடையில் இது அற்பமான மாற்றம். ஆகவே மின்னோட்டம் ஏறக்குறைய அப்படியே ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் சூடு இருமடங்காகிறது. சூட்டில் மேலும் சில புரிகள் அறுகின்றன. தடை இன்னும் ஏறுகிறது. இருக்கை உறையில் காசளவு கருகிய ஓட்டை விழுவது இப்படித்தான். முழங்காலை இருக்கையில் ஊன்றிக்கொண்டு பின்பக்கம் பொருள் எடுக்கும் பழக்கமே இதற்குப் போதும்.

அடுத்து மின்சுற்று. ஒரு விரிப்பின் தடை 4.8 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓடி 30 வாட் தருகிறது. அமரும் பகுதிக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 60 வாட். அதே இரண்டையும் தொடர் இணைப்புக்கு மாற்றினால் மொத்தமே 15 வாட்தான், நான்கில் ஒரு பங்கு. சில விரிப்புகளில் 'அதிகம்', 'குறைவு' என்ற இரண்டு நிலைகளும் ஒரு சுவிட்ச் செய்யும் இந்த மாற்றம்தான். இதைவிட எளிய உத்தி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆனால் கார் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் 12 வோல்ட் இருப்பதில்லை. மின்னாக்கி அதை ஏறக்குறைய 14 வோல்ட்டில் வைத்திருக்கிறது. வேறுபாடு இரண்டே வோல்ட். ஆனால் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 30 வாட் விரிப்பு இப்போது 41 வாட் தருகிறது. இரண்டு இருக்கைகளுக்கும் நான்கு விரிப்புகள். மொத்தம் 163 வாட், 11.7 ஆம்பியர்.

163 வாட் என்றால் நம் வீட்டில் இரண்டு மின்விசிறிகள். 230 வோல்ட்டில் அவற்றுக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாம். மெல்லிய கம்பி போதும். காரில் மின்னழுத்தம் குறைவு என்பதால் அதே திறனுக்கு மின்னோட்டம் பதினாறு மடங்கு. கம்பியில் வீணாகும் சூடோ மின்னோட்டத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. அரை சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பி 4 மீட்டர் இருந்தால் அதன் தடை 0.14 ஓம். 11.7 ஆம்பியர் ஓடினால் அதில் 19 வாட் சூடு, தரைவிரிப்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் பிறக்கும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 4 வாட்டுக்கும் குறைவு. 'வெறும் 12 வோல்ட்தானே' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 12 வோல்ட் நம்மை அதிர்ச்சிக்குள்ளாக்காது; வண்டியைக் கொளுத்தும்.

ஆகவேதான் ஃப்யூஸ். அது விரிப்பைக் காப்பதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பது கம்பியை. உறை தேய்ந்து கம்பி காரின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் உடனே உருகி வழியை அடைத்துவிடும். ஆனால் பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. எனவே ஃப்யூஸ் பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 2005க்கு முந்திய எம்.எக்ஸ்-5 கார்களில் பாட்டரி பின்புறச் சாமான் பெட்டியில் இருப்பதால் இருக்கைகளுக்குத் தனிக் கம்பி இழுப்பது கடினமல்ல. ஆயினும் சிலர் சிகரெட் கொளுத்தியின் கம்பியில் ஒட்டுப்போடுகிறார்கள். அந்த ஃப்யூஸ் கொளுத்திக்கென்றே அளவிட்டது. இரண்டையும் சேர்ந்தாற்போல் போட்டால் உருகிவிடும். பிறகு பெரிய ஃப்யூஸாகப் போடுவார்கள். காவலாளிக்குத் தூக்க மருந்து கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது.

சாவியை எடுத்ததும் சூடேற்றியும் அணைய வேண்டும். இல்லாவிட்டால் சிறிய பாட்டரி ஓரிரு மணியிலேயே வண்டியைக் கிளப்பும் வலுவை இழக்கும். சாவிச் சுவிட்ச் வழியே 12 ஆம்பியரை அனுப்பாமல், ஒரு ரிலேயை வைக்கிறார்கள். சாவியிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ரிலேயின் மின்காந்தத்தை இயக்க, காந்தம் இழுக்கும் தகடு பெரிய மின்னோட்டத்திற்கு வழிவிடுகிறது. மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்ப இரண்டாவது கம்பி தேவையில்லை. காரின் இரும்பு உடலே போதும். இணைக்கும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், ஏனெனில் அது மின்சாரத்தைக் கடத்தாது. கூரை திறக்கும் காரில் எப்படியும் ஒரு நாள் மழைநீர் இருக்கைக்குள் இறங்கும். ஈரத்தில் அரித்த இணைப்பு தடையாக மாறி, தானே ஒரு சூடேற்றியாகிவிடும். இணைப்புகளை நீர் புகாத உறையிட்டு, தரையில் கிடக்காமல் உயர்த்திக் கட்ட வேண்டும்.

இருக்கையைக் கழற்றி, உறையைப் பிணைத்திருக்கும் உலோக வளையங்களை வெட்டி, நுரையின்மேல் விரிப்பைச் சுருக்கமின்றி ஒட்டி, புதிய வளையங்களால் உறையை மீண்டும் பூட்டுவது பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடியது. பிற்கால கார்கள் அப்படியல்ல. அவற்றில் இருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். பயணியின் இருக்கையில் ஆள் இருப்பதை அறியும் உணரியும் இருக்கலாம். அதன்மேல் விரிப்பைப் போட்டால் அதன் கணக்குப் பிசகும். விபத்தின்போது காற்றுப்பை விரியாமலே போகலாம். அத்தகைய இருக்கையை வீட்டில் பிரிக்காதிருப்பதே நல்லது.

இனி தோலின் கதை. 60 வாட் விரிப்பு எத்தனை டிகிரி சூடாகும்? இதற்கு விடையே கிடையாது. உள்ளே வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும்வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். மேலே கம்பளியைப் போட்டு மூடினால் வெளியேறும் வழி குறைகிறது; அதே 60 வாட் இன்னும் உயர்ந்த வெப்பநிலைக்குக் கொண்டு செல்கிறது. இதைத் தடுக்கத்தான் குறித்த சூட்டில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வெப்பக் கட்டுப்படுத்தி விரிப்பில் இருக்கிறது. ஆனால் அது தான் இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும்.

எவ்வளவு சூட்டைத் தோல் தாங்கும் என்பதை 1947இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் ஆராய்ந்து வெளியிட்டனர். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரத்தில் தோல் வெந்து போகிறது. அதற்கு மேல் 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரிக்கும் இந்நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. 47 டிகிரி என்றால் முக்கால் மணிநேரம். நீண்ட பயணத்தில் அது எளிதில் கடந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது உடல் எடையால் தோலின் குருதி நாளங்கள் நசுங்குவதால், சூட்டை எடுத்துச்செல்லும் குருதியோட்டமும் குறைந்துவிடுகிறது.

நம்மில் பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே நெளிந்து சுவிட்சை அணைத்துவிடுவோம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவர்களும், நீரிழிவால் நரம்பு மரத்தவர்களும் அப்படி நெளிவதில்லை. சூடான கார் இருக்கையில் அவர்களுக்கு ஆழமான தீக்காயங்கள் ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே வேலை முடிந்ததும் முதலில் இருக்கையில் உட்கார வேண்டியது நாமல்ல, ஒரு வெப்பமானி. அதை உறையின்மேல் வைத்து, மேலே ஒரு மடித்த கம்பளியும் நீர் நிரப்பிய பெரிய பையும் வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை குறித்துக்கொள்ளலாம். வெப்பமானியை நாலைந்து இடங்களுக்கு நகர்த்தியும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 44 டிகிரியைத் தாண்டினாலும் அந்த விரிப்பைக் கழற்றிவிட வேண்டியதுதான்.