உண்டிக்கும் உறையுளுக்கும் உழைப்பு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைநாட்டின் ஈரம் மெல்லக் குறைந்து வரண்ட வலயத்தின் வெயில் தலைகாட்டும் இடத்தில் நாவுல என்னும் சிற்றூர் இருக்கிறது. தெற்கே மிளகும் கொக்கோவும் பாக்கும் பலாவும் அடர்ந்த வீட்டுத் தோட்டங்கள்; வடக்கே போகப் போக நெல் வயல்களும், சிறுபோகத்தில் பயிராகும் பெரிய வெங்காயப் பாத்திகளும். ஊருக்கு அருகே நாலந்தையில், தென்னாட்டுக் கோயில்களின் சாயலில் எழுந்த பழைய பௌத்தக் கற்றளி ஒன்று உண்டு. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. இச்சாலையில் பயணம் செய்வோர் பெரும்பாலும் அக்கோயிலைக் கண்டு வியந்து தம்புள்ளைக்கு விரைந்துவிடுவர். சாலையோரத்து நிலத்தில் யார் உழைத்தார்கள், அவர்களுக்குச் சோறிட்டவர் யார் என்று கேட்போர் குறைவு.

இக்காலத்தில் உலகின் பல நாடுகளில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இன்றிப் பயிர் செய்யும் சேதன விவசாயப் பண்ணை ஒன்றுக்கு ஒருவர் விருந்தாளியைப் போலச் செல்கிறார். நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் அங்கே வேலை செய்கிறார். கூலி இல்லை. பண்ணைக்காரர் மூன்று வேளை உணவும் படுக்க இடமும் தருகிறார். சில நாட்களோ சில வாரங்களோ தங்கியபின் வந்தவர் தம் வழியே போய்விடுகிறார். இலங்கையிலும் இவ்வாறு தொண்டர்களை ஏற்கும் பண்ணைகள் உள்ளன.

இதற்கு அமைப்பு முறையிலான தொடக்கம் 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏற்பட்டது. லண்டனில் ஓர் அலுவலகத்தில் செயலாளராகப் பணியாற்றிய சூ கோப்பார்ட் என்னும் பெண்மணி, நகரவாழ்வில் சலித்து, வார இறுதியிலேனும் மண்ணோடு பழக விரும்பினார். சசெக்ஸ் மாவட்டத்தில் எமர்சன் கல்லூரியைச் சேர்ந்த பண்ணை அவரையும் சிலரையும் ஒரு வார இறுதிக்கு ஏற்றுக்கொண்டது. அம்முயற்சி ‘வூஃப்’ என்ற சுருக்கப் பெயருடன் நாடு நாடாகப் பரவியது. அப்பெயரின் விரிவு மாறிய வரலாறு சுவையானது. முதலில் அது வார இறுதி வேலையைக் குறித்தது. பின்னர் ‘விருப்பமுள்ள வேலையாட்கள்’ என்று பொருள்பட மாறிற்று. 2000ஆம் ஆண்டளவில் ‘வேலையாட்கள்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘வாய்ப்புகள்’ என்ற சொல் இடம்பெற்றது. குடிவரவு அதிகாரிகள் அச்சொல்லைக் கண்டு ஐயுற்றதே காரணம். ஐயத்துக்கு இடமில்லாமலும் இல்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

சேதனப் பண்ணைக்கு இத்தனை கைகள் தேவைப்படுவது ஏன்? சிறு கணக்கொன்று இதனை விளக்கும். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் அடங்கியிருக்கிறது. இரண்டு மூட்டையில் அது முடிந்துவிடும். நல்ல கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது ஒன்றரைப் பங்கு நைதரசனே உண்டு. அதே 46 கிலோவைப் பெற ஏறத்தாழ 3,000 முதல் 4,600 கிலோ வரை கூட்டெரு வேண்டும். அதுவும் பயிருக்குச் சிறுகச் சிறுகவே கிட்டும். அத்தனையையும் யாரோ வெட்டி, சுமந்து, அடுக்கி, புரட்டியாக வேண்டும்.

கூட்டெருக் குவியல் குப்பைமேடு அன்று. வைக்கோலும் சருகும் ஒரு படை; அதன்மேல் வேலிகளில் வளரும் கிளிரிசீடியா மரத்தின் பசுந்தழை ஒரு படை; பின் மாட்டுச் சாணம்; மீண்டும் வைக்கோல். உலர்ந்தது மிகுந்தால் குவியல் குளிர்ந்து கிடக்கும்; பசியது மிகுந்தால் அழுகி நாறும். அளவு பொருந்தினால் சில நாட்களில் அதன் உள்வெப்பம் 55 முதல் 65 பாகை வரை ஏறி, களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் மாய்கின்றன. ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகக்கூடாது என்பது உழவர் கையாளும் சோதனை. வெப்பம் தணிந்ததும் மண்வெட்டியால் புரட்டிக் காற்றேற்ற வேண்டும். நகரத்திலிருந்து வருகின்ற தொண்டருக்கு முதல் நாளில் பெரும்பாலும் இந்த வேலையே கிடைக்கிறது. மறுநாள் காலையில் தோள்பட்டை அதனை நினைவூட்டும்.

மாத்தளைப் பகுதியின் தனிச்சிறப்பான மிளகுத் தோட்டத்திலோ பழகாத கை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். மிளகுக் கொடி கிளிரிசீடியா மரத்தில் படர்ந்து உயர்கிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கும்போது ஏணி வைத்து ஏறி அச்சரத்தை மட்டும் பறிக்க வேண்டும். அவசரப்பட்டு இளஞ்சரத்தைப் பறித்தால் காய்ந்தபின் மணி சுருங்கிப் பாரம் குறையும். முற்றிய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவே தேறும்போது, இளங்காயின் நட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் சில நாட்கள் பண்ணைக்காரரே ஆசிரியராகித் தம் நேரத்தைச் செலவிடுகிறார். தொண்டரின் உழைப்பு இலவசம் என்று எண்ணுவோர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உணவளித்து உழைப்பைப் பெறும் முறை இப்பகுதிக்குப் புதியதன்று. சிங்களக் கிராமங்களில் ‘அத்தம்’ என்றொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்தது. இன்று ஊரார் ஒருவருடைய வயலில் இறங்குவர்; நாளை மற்றொருவருடைய வயலில். கூலி கிடையாது, அன்றைய வயலுக்குரியவர் அனைவருக்கும் சோறிடுவார். 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளியான தமது நூலில் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார். ஊரார் ஒன்றுகூடி ஒருவர் வயலை அறுத்தபின் அடுத்தவர் வயலுக்குச் செல்வதையும், அறுவடைக்குரியவர் மற்றவர்களுக்கு உணவளிப்பதையும் அவர் கண்டிருக்கிறார். இங்கே சோறு கூலியன்று. தந்த நாள் ஒருநாள் திரும்பி வரும் என்ற உறுதியே கூலி. கூலிவேலை பெருகியதும் இயந்திரங்கள் வந்ததும் அத்தத்தைச் சுருக்கிவிட்டன.

நொக்ஸ் 1679இல் தப்பியோடி மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே மன்னார்க் கரையிலிருந்து எதிர்த் திசையில் வேறொரு கூட்டம் நடந்து வந்தது. 1830களுக்குப் பின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, நாலந்தைப் பக்கமாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அம்மக்களின் நினைவோடு பிணைந்தது.

அவர்களுக்கும் உணவும் உறையுளும் கிடைத்தன. தோட்டம் அரிசி அளந்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. லயன் அறை தந்தது. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. கடன் தீராதவரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு வேண்டும். அது இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. அத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒரே சாலையோரத்தில் இவ்வளவும் நிகழ்ந்திருக்கின்றன. சோறு மூன்றிலும் சோறுதான்; உழைப்பும் உழைப்புத்தான். ஆயினும் அத்தத்துக்குச் சென்றவர் தம் வயலுக்குத் திரும்பினார். இன்றைய தொண்டர் மனம் ஒப்பாவிடில் மறுநாட் காலையிலேயே பேருந்தேறிவிடுகிறார். துண்டுக்குக் கட்டுப்பட்டவர் எங்கும் போக முடியவில்லை. உண்டிக்கு உழைப்பது இழிவா பெருமையா என்ற வினாவுக்கு, வாயில் திறந்திருக்கிறதா என்று பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

வாயில் திறந்திருப்பது மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. தொண்டர் தம் விருப்பத்தால் கூலி வாங்காமல் வேலை செய்கிறார். அதே வேலையைச் செய்து நாட்கூலி பெறும் பெண்ணொருத்தி அடுத்த கிராமத்தில் இருக்கிறாள். விருந்தினர் ஐவர் களை பிடுங்கினால் அன்று அவளுக்கு அழைப்பு வராமற் போகலாம். சட்டமும் இதனைக் கவனித்தே இருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ தொழில் செய்தல் ஆகாது என்பது இலங்கையின் விதி. கூலி வாங்கவில்லையே என்ற சமாதானம் அங்கே செல்லாது. பண்ணையில் தங்கிக் கற்க விழையும் அயல்நாட்டவர் உரிய அனுமதியை முன்னரே கேட்டறிவது அவசியம். உள்நாட்டு மாணவர்க்கோ இத்தடை இல்லை. 1958ஆம் ஆண்டில் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று அம்மக்களோடு சேர்ந்து உழைக்கச் செய்ததிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் கிராமத்து மண்ணில் கைவைப்பது இந்நாட்டுக்கு அயலான எண்ணம் அன்று.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. உழவர்களிடம் அத்தனை கூட்டெருவும் இல்லை. அதனைச் செய்யும் கைகளும் இல்லை. பழகிக்கொள்ளக் காலமும் தரப்படவில்லை. எதிர்ப்பு மூண்டு, நவம்பரில் தடை நீங்கிற்று. எனினும் அடுத்துவந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதன விவசாயம் பொய்யென்று அதனால் முடிவுகட்டுவோர் உண்டு; அது சரியன்று. அம்முறை தழையை அறிந்த கண்ணும், பல போகங்களின் பொறுமையும், முதுகு வளையும் வேலையும் கேட்பது; ஓர் ஆணையால் ஒரே போகத்தில் அவை விளையா. ஒரு வாரம் தங்கும் தொண்டரால் நாலாயிரம் கிலோக் கூட்டெருவை ஈடுசெய்ய முடியாது. ஆனால் அக்குவியலை ஒருமுறை புரட்டியவர், சந்தையில் ஒரு கிலோ மிளகின் விலையைக் கேட்டுப் பேரம் பேசும்போது சற்றே தயங்குவார்.

செல்ல விரும்புவோர் முன்னதாகக் கேட்டுத் தெளிய வேண்டியவை சில. நாளுக்கு எத்தனை மணி நேர வேலை, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, நோயுற்றால் யார் பார்ப்பார், பெண்கள் தனித்து உறங்க இடம் உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது. இவற்றோடு இன்னொன்றையும் கூச்சமின்றிக் கேட்கலாம்: தம்மோடு அதே பாத்தியில் குனிந்து நிற்கும் ஊராருக்குப் பண்ணை என்ன கூலி கொடுக்கிறது என்பது.