பானட்டைத் திறக்க மறந்தவர்கள்

கார்கள் நவீனமாகிவிட்டன. ஆனால் அவற்றை நடுரோட்டில் நிறுத்துபவை அதே பழைய தண்ணீர், ரப்பர், பேட்டரி சமாச்சாரங்கள்தான். உரிமையாளர் பத்து நிமிடம் ஒதுக்கினால் பாதிச் செலவு மிச்சம்.

2009 மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் எனது பழைய மாருதி 800 நின்றுகொண்டிருந்தது. பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியை நோக்கி நீண்ட என் கையை, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஓடிவந்த பையன் தட்டிவிட்டான். "முகம் வெந்துவிடும், சாப்" என்றான். முக்கால் மணி நேரம் கழித்து, ஈரத் துணியைச் சுற்றி அவனே மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் இல்லை. ரேடியேட்டரின் கீழ்ப்பக்க ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து, நாள்கணக்கில் சொட்டியிருக்கிறது.

பத்து நாட்களுக்கு முன்புதான் சர்வீஸ் முடித்து எடுத்த கார் அது. பில்லில் 'கூலன்ட் டாப்-அப்' என்று ஒரு வரியும் அதற்கு ஒரு தொகையும் இருந்தன. சூட்டில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கையாக வாங்கிய அந்தக் காரின் விலையில் கால் பங்கு செலவானது. கிளிப்பின் விலையோ இரண்டு டீ, இரண்டு சமோசா.

ஒர்க்‌ஷாப்பின் மீது கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பத்து நாளும் காலையில் காருக்கு அடியில் சிறு ஈரத்தைப் பார்த்தவன் நான். ஏ.சி. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். இரவு முழுக்க நின்ற காரில் ஏ.சி. தண்ணீர் சொட்டாது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏ.சி.யிலிருந்து விழுவது நிறமற்ற வெறும் தண்ணீர். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், விரலில் வழுவழுக்கும். காரின் முன்பகுதிக்கு அடியில் இரவில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்தால் காலையில் விடை தெரிந்துவிடும். கருப்பு என்றால் எஞ்சின் ஆயில். நிறமுள்ள நீர் என்றால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை போல ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்போது காரை எடுக்கவே கூடாது.

இந்த அறிவெல்லாம் ஒரு காலத்தில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் இருந்தது. வேறு வழி இல்லாததால் இருந்தது. அம்பாசடர், ஃபியட் வைத்திருந்தவர்கள் காண்டாக்ட் பாயின்டை உப்புத்தாளில் தேய்க்கவும், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டவும், ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தொய்வு பார்க்கவும் கற்றிருந்தார்கள். பேட்டரி செத்துப்போனால் டிக்கியில் இருக்கும் ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்ற வேண்டும்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்தியர்களை இந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தது. சாவியைத் திருப்பினால் கிளம்பியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்தது. 2014-ல் மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிகள். இன்று பானட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. 'இதில் நமக்கு வேலையில்லை' என்று மூடிவிடுகிறோம். பாதி சரி. இன்ஜெக்டரையோ சென்சாரையோ வீட்டு வாசலில் வைத்து நோண்ட முடியாதுதான். ஆனால் ரேடியேட்டர், பெல்ட், பேட்டரி, டயர், ஃபில்டர் இவற்றில் பெரிய மாற்றமில்லை. நெடுஞ்சாலையில் நிற்கும் கார்களில் பல நிற்பதும் இவற்றால்தான்.

முதலில் தண்ணீர் விவகாரம். ரிசர்வாயர் டப்பாவில் 'மின்', 'மேக்ஸ்' என்று இரு கோடுகள் இருக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒருமுறை குறைந்தால் ஊற்றலாம். மாதாமாதம் குறைந்தால் எங்கோ ஓட்டை. ஊற்றுவது காரின் கையேடு சொல்லும் கூலன்ட்டாக இருக்கட்டும். தில்லி, குருகிராம் பக்கத்து போர்வெல் தண்ணீர் குழாயையே அடைக்கும் உப்புத் தண்ணீர். ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்க அதற்கு எத்தனை நாள் ஆகும்? வழியில் வேறு கதியில்லையென்றால் குடிநீர் பாட்டிலைக் கவிழ்க்கலாம். ஊர் சேர்ந்ததும் முழுவதையும் வடித்து மாற்றிவிட வேண்டும். வெப்ப முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். மே மாத வெயிலில் கொடுமைதான். ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்துவது தவிர வேறு வழியில்லை.

பேட்டரி கதை வேறு. வட இந்தியாவில் அது டிசம்பர், ஜனவரி விடியற்காலையில்தான் கைவிரிக்கும். குற்றவாளி குளிர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பேட்டரியைக் கெடுப்பது கோடை வெப்பம். குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கழுவலாம். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் உரசித் தீப்பொறி பறக்கும். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது நெகடிவ் ஒயரின் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுவதே பாதுகாப்பு.

டயர் விஷயத்தில் பெட்ரோல் பங்க் பையன்களை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். 'எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு, நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அடித்துவிடுவார்கள். சரியான எண் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. சொந்தமாக ஒரு காற்றழுத்த கேஜ் வாங்கி, டயர் சூடேறுவதற்கு முன் அளந்து பாருங்கள். நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும் என்று வற்புறுத்துபவர்களிடம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்று சொல்லலாம். பயனில்லை, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல வருடம் கிடங்கில் கிடந்த டயரைப் புதிது என்று விற்பதைத் தடுக்க இந்த ஓர் எண் போதும்.

சர்வீஸ் பில்லைப் படிப்பதும் பராமரிப்பில் சேர்த்தி. ஏ.சி. ஃபில்டர் மாற்றியதற்குத் தனிக்கூலி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைச் சற்று அழுத்தி இறக்கினால் கையில் வந்துவிடும். புகைமூட்டம் சூழும் தில்லி நவம்பரில் அதை வெளியே எடுத்துப் பார்த்தால் நாம் என்ன சுவாசிக்கிறோம் என்பதும் தெரியும். எஞ்சின் ஏர் ஃபில்டரும் நான்கு கிளிப் விவகாரம்தான். 'எஞ்சின் ஃப்ளஷ்', 'டீகார்பனைசிங்', 'த்ராட்டில் பாடி கிளீனிங்' என்று வரிசையாக வந்தால் காரின் கையேட்டில் அவை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதியிருக்காது. மாற்றிய பாகத்தின் பழையதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்பதையும் நீங்களே பார்த்துவிடலாம். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஸ்டியரிங்கின் கீழே 16 துளைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது. தீப்பெட்டி அளவு ஸ்கேனரை அதில் செருகினால் கோளாறின் குறியீடு செல்போனில் வந்துவிடும். சரிசெய்யத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'சென்சார் செட்டே போய்விட்டது' என்று சொல்பவரிடம் எந்தச் சென்சார் என்று கேட்க முடியும்.

கேட்பதற்கு உரிமை இருக்கிறதா என்பது நாட்டில் ஏற்கனவே எழுந்த கேள்விதான். உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச் சந்தைக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் மோட்டார் வாகனத் துறையும் இடம்பெற்றது. ஆனால் வாரன்டி காலத்தில் எச்சரிக்கையாக இருப்பதே விவேகம். ஃபில்டரும் வைப்பரும் மாற்றலாம். ஒயரிங்கில் கைவைத்து ஹாரன், விளக்கு என்று எதையாவது சேர்த்தால் நாளை வாரன்டி கேட்கும்போது வாக்குவாதம் நிச்சயம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதிய கவலை, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் அரிக்கக்கூடும். பத்துப் பன்னிரண்டு வயதான கார் என்றால் பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

மழைக்காலத்தில் நடப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். மும்பையின் அந்தேரி சுரங்கப்பாதையோ தில்லியின் மின்டோ பாலமோ, தேங்கிய நீரில் கார் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்புவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். எஞ்சினைக் கொல்வதும் அதுதான். ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண முழுக் காப்பீட்டில் இப்படி உடைந்த எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம். ஸ்டார்ட் செய்தது உங்கள் செயல், வெள்ளத்தின் நேரடி விளைவு அல்ல என்பது அவர்கள் வாதம். இதற்கென்றே 'எஞ்சின் பாதுகாப்பு' என்று தனிச் சேர்க்கை விற்கிறார்கள். அது இருந்தாலும் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். நின்ற காரைத் தள்ளி மேட்டில் ஏற்றுங்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், சாவியைத் தொடாதீர்கள். மழைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலையும் அரசிலையும் சேர்ந்து வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடும். அங்கே தேங்கும் நீர்தான் பல கார்களில் காலடிக் கம்பளத்தை நனைக்கிறது. கையைவிட்டு அள்ளிப் போட்டால் போதும்.

கைவைக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. பிரேக் பாகங்கள், ஏர்பேக், ஏ.சி. வாயு, ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்கள் ஆகியவை படித்துத் தேர்ந்தவர்களின் வேலை. பிரேக் ஆயிலின் அளவைப் பார்ப்பது வரை உங்கள் எல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லலாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே நுழைக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட.

கடைசியாக ஸ்டெப்னி. டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் விதி தளர்த்தப்பட்டது. புதிய கார் வைத்திருக்கும் பலருக்குத் தங்கள் டிக்கியில் ஐந்தாவது சக்கரம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. இருப்பவர்களில் எத்தனை பேர் அதில் காற்று இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள்? என் இப்போதைய காரை வாங்கி இரண்டு வருடம் கழித்து, இதை எழுத உட்காரும் முன் போய்ப் பார்த்தேன். 12 பவுண்டு இருந்தது.